கிராபிக்ஸ் கார்டும் கிழியாத திரையும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

பெரிய கார்டு வாங்கிய பிறகும் கேம் ஆடும்போது படம் கிழிகிறது, தடுக்கித் தடுக்கி ஓடுகிறது என்றுதான் பலரும் எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் கார்டில் கோளாறு இருக்காது. மானிட்டரும் கார்டும் ஒரே தாளத்தில் ஓடாததுதான் காரணம். மானிட்டர் நொடிக்கு எத்தனை முறை படம் வரைகிறது என்பது ஹெர்ட்ஸ். கார்டு நொடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது படம், தருகிறது என்பது எஃப்பிஎஸ். அதை மனதில் வைத்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, என்னிடம் 1440பி, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 5080 எடுக்கவா, கொஞ்சம் பணம் சேர்த்து 5090 எடுக்கவா?

இரண்டும் என்விடியா கார்டுகள்தான், ஆனால் 5090 வேண்டாம். 1440பி திரையில் சுமார் 37 லட்சம் பிக்சல்கள், 4கே திரையில் 83 லட்சம். அந்தக் கார்டு 4கே-க்காகவே செய்யப்பட்டது. உங்கள் திரையில் பல கேம்களில் அது பிராசஸருக்காகக் காத்துக்கொண்டு நிற்கும். என்னைக் கேட்டால் 5080 கூட வேண்டியதில்லை. 5070 டிஐ-யிலும் அதே 16 ஜிபி மெமரிதான். ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங்கில் பெரிய ஆர்வம் இல்லையென்றால் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி-யைப் பாருங்கள், அதிலும் 16 ஜிபி. மிச்சமாகும் பணத்தை நல்ல மானிட்டரில் போடுங்கள். 5090-இன் 32 ஜிபி மெமரி, 4கே-யில் பாத் டிரேசிங் (ரே டிரேசிங்கின் இன்னும் கனமான வடிவம்) போட்டு ஆடுபவருக்கும், அதே கணினியில் 3டி வேலையோ ஏஐ வேலையோ செய்பவருக்கும்தான் உண்மையில் பயன்படும்.

கேள்வி: கேமராவைத் திருப்பினால் படம் குறுக்கே வெட்டுப்பட்ட மாதிரி தெரிகிறது. வி-சிங்க் போட்டால் வெட்டு போய்விடுகிறது, ஆனால் மவுஸ் இழுக்கிறது, திடீரென்று ஃபிரேம் பாதியாகிவிடுகிறது. என்ன செய்வது?

மானிட்டர் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாக வரைகிறது. 60 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லி செகண்ட். பாதி வரைந்துகொண்டிருக்கும்போதே கார்டு புதிய ஃபிரேமைக் கொடுத்துவிட்டால், மேல்பாதி பழைய படமாகவும் கீழ்பாதி புதிய படமாகவும் வந்துவிடும். நீங்கள் பார்க்கும் வெட்டு அதுதான்.

வி-சிங்க், மானிட்டர் ஒரு படத்தை வரைந்து முடிக்கும்வரை கார்டைக் காக்க வைக்கிறது. ஃபிரேம் தயாராக 17 மில்லி செகண்ட் ஆனால்கூட அந்தச் சுற்று போய்விடும். பஸ்ஸை ஒரு நிமிடத்தில் தவறவிட்டவர் அடுத்த பஸ் வரும்வரை நிற்பது போல, அந்த ஃபிரேம் 33.3 மில்லி செகண்ட் வரை நிற்க வேண்டும். 60 சட்டென்று 30 ஆவது இதனால்தான். தயாரான ஃபிரேம்கள் வரிசையில் காத்திருப்பதால் மவுஸும் இழுக்கிறது.

சரியான வழி, மானிட்டரைக் கார்டுக்காகக் காத்திருக்கச் செய்வது. என்விடியா 2013-இல் ஜி-சிங்க் என்று இதைக் கொண்டுவந்தது. அப்போது மானிட்டருக்குள் தனிச் சர்க்யூட் வேண்டியிருந்தது, விலையும் அதிகம். அடுத்த ஆண்டு, திரைத் தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு மானிட்டர் இணைப்பான டிஸ்ப்ளே போர்ட் தரத்திலேயே இதே வழியை அடாப்டிவ் சிங்க் என்ற பெயரில் சேர்த்தது. ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் அதன்மேல் எழுந்ததுதான். 2019 ஜனவரியில் என்விடியாவும் அந்த மானிட்டர்களுக்குத் தன் டிரைவரைத் திறந்துவிட்டது. ஆகவே என்விடியாவின் ஜிஃபோர்ஸ் கார்டு வைத்திருப்பவர் ஃப்ரீசிங்க் மானிட்டர் வாங்கத் தயங்க வேண்டாம்.

இனி செட்டிங். முதலில் மானிட்டரின் சொந்த மெனுவில் ஃப்ரீசிங்க் அல்லது அடாப்டிவ் சிங்க்கை ஆன் செய்யுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். அப்புறம் என்விடியா கண்ட்ரோல் பேனலில் ஜி-சிங்க்கை ஆன் செய்து, அங்கேயே வி-சிங்க்கையும் ஆன் செய்யுங்கள். கேமுக்குள் இருக்கும் வி-சிங்க் ஆஃபில் இருக்கட்டும். கடைசியாக, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் ஃபிரேம் வரம்பை அதற்கு மூன்று குறைவாக, 141-இல் கட்டுங்கள். வேகம் மானிட்டரின் உச்சத்தைத் தொட்டால் பழைய வி-சிங்க் இழுவை திரும்பிவிடும், அதற்காகத்தான் இந்த வரம்பு. கேமில் ரிஃப்ளெக்ஸ் (தாமதத்தைக் குறைக்கும் என்விடியா வசதி) ஆனில் இருந்தால் அதுவே வரம்பைக் கட்டிக்கொள்ளும்.

வாங்கும் முன் மானிட்டரின் சிங்க் எல்லையையும், அதாவது அடாப்டிவ் சிங்க் எந்த ஹெர்ட்ஸ் முதல் எதுவரை வேலை செய்யும் என்பதையும் பாருங்கள். 48 முதல் 144 ஹெர்ட்ஸ் என்றால் நல்லது. ஃபிரேம் 48-க்குக் கீழே போனாலும் ஒவ்வொரு படத்தையும் இரண்டு முறை காட்டிச் சமாளித்துவிடும். 48 முதல் 75 வரை மட்டும் என்றால் அதற்கு இடமில்லை.

கேள்வி: 4கே டிவியில் 120 ஹெர்ட்ஸ் வரவே மாட்டேன் என்கிறது.

எச்டிஎம்ஐ 2.0 போர்ட்டில் 4கே 60 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். டிவியின் பல போர்ட்டுகளில் ஒன்றோ இரண்டோதான் 2.1 ஆக இருக்கும், கேபிளை அதில் செருகுங்கள். கேபிளும் அல்ட்ரா ஹை ஸ்பீடு வகையாக இருக்க வேண்டும்.

கேள்வி: மூலையில் 120 எஃப்பிஎஸ் காட்டுகிறது, ஆனாலும் தடுக்குகிறது. எப்படி?

அந்த எண் சராசரி. ஒரு நொடியில் 119 ஃபிரேம் ஒழுங்காக வந்து, ஒன்று மட்டும் 80 மில்லி செகண்ட் எடுத்தாலும் கண்ணுக்கு உறுத்தும். ஆஃப்டர்பர்னர், கேப்ஃபிரேம்எக்ஸ் போன்ற அளவிடும் மென்பொருளில் ஃபிரேம் டைம் கோட்டை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் எடுத்த நேரத்தைப் பாருங்கள். கேம் புதிதாக நிறுவியபோது, புதிய இடத்துக்குப் போகும்போதெல்லாம் தடுக்கினால் அது ஷேடர் கம்பைல் ஆவது, அதாவது காட்சியை வரையும் சிறு நிரல்களைக் கணினி அப்போதுதான் தயார் செய்கிறது. அந்த இடத்தை இரண்டாம் முறை கடக்கும்போது சரியாகிவிடும். ஆட ஆட மோசமானால் கார்டின் மெமரி நிரம்புகிறதா பாருங்கள், கேம் செட்டிங்கில் டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படம்) தரத்தை ஒரு படி இறக்கிப் பாருங்கள். ரெசல்யூஷனைக் குறைத்தும் எஃப்பிஎஸ் ஏறவில்லையென்றால் தடை பிராசஸரில். அப்போது புதிய கார்டு வாங்கிப் பயனில்லை. ரைசன் 7 9800எக்ஸ்3டி போன்ற, கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி) பெரிதான பிராசஸர்தான் அங்கே வித்தியாசம் காட்டும்.

கேள்வி: ஃபிரேம் ஜெனரேஷன் 4எக்ஸ் போட்டால் 240 காட்டுகிறதே, நம்பலாமா சார்?

பார்வைக்கு வழுவழுப்பு உண்மைதான். ஆனால் இரண்டு அசல் ஃபிரேம்களுக்கு நடுவே மூன்றை அது உண்டாக்குகிறது. உங்கள் கை அசைவுக்குப் பதில் சொல்வது அசல் ஃபிரேம் மட்டுமே. அசல் வேகம் 60-ஐத் தொட்ட பிறகு போடுங்கள், கதை சார்ந்த கேம்களில் அழகாக இருக்கும். 25-ஐ 100 ஆக்கிப் பார்த்தால் சேற்றில் நடப்பதுபோலக் கனக்கும். போட்டி கேம்களில் தொடவே வேண்டாம்.

கேள்வி: 5090-க்கு 750 வாட்ஸ் பவர் சப்ளை தாங்குமா?

தாங்க வைக்க முயலாதீர்கள். கார்டு மட்டுமே 575 வாட்ஸ், என்விடியா பரிந்துரைப்பது 1000. கார்டுக்கு மின்சாரம் தரும் 16 பின் கேபிளைக் கடைசி வரை அழுத்திச் செருகுங்கள், செருகிய இடத்துக்கு அருகிலேயே மடக்காதீர்கள். 2022-இல் 4090 வந்தபோது கனெக்டர் உருகிய புகார்கள் எழுந்தன. முழுதாகச் செருகாததே முக்கியக் காரணம் என்று என்விடியா அப்போது சொன்னது. அந்த 575 வாட்ஸும் உங்கள் அறைக்குள் சூடாகத்தான் வெளியே வரும். மே மாதச் சென்னையில் ஏசி இல்லாத அறையென்றால் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்கிவிடுங்கள், எஃப்பிஎஸ் இழப்பு அந்த அளவுக்கு இருக்காது.

கேள்வி: ஓஎல்இடி மானிட்டரில் லோடிங் ஸ்கிரீன் மினுக்குகிறது. மாற்றித் தரச் சொல்லவா?

வேண்டாம். ஃபிரேம் வேகம் தாறுமாறாக ஏறி இறங்கும்போது ரெஃப்ரெஷும் கூடவே மாறி, இருண்ட பகுதிகளின் வெளிச்சம் லேசாக அசைகிறது. விஏ வகை எல்சிடி திரைகளிலும் இது உண்டு. உங்கள் கார்டு விடாமல் தரக்கூடிய வேகத்தில் வரம்பைக் கட்டுங்கள், ஆட்டத்தின்போது பெரும்பாலும் அடங்கிவிடும். லோடிங்கில் கொஞ்சம் மிச்சம் இருக்கத்தான் செய்யும்.