ஒரு நாள் வேட்டைக்கு எத்தகைய முதுகுப்பை ஏற்றது?

அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் விடியுமுன் ஏறி இருட்டியபின் இறங்கும் மான் வேட்டைக்கு எவ்வளவு பெரிய முதுகுப்பை வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். 30 முதல் 40 லிட்டர் கொள்ளளவே போதும் என்பது என் கருத்து. மூன்று லிட்டர் தண்ணீர், கம்பளி மேலாடை, மழைச்சட்டை, கத்தி, தலைவிளக்கு, முதலுதவிப் பொருட்கள், இறைச்சியைப் போட்டுக் கட்டும் துணிப்பைகள் ஆகிய அனைத்தும் அதற்குள் அடங்கிவிடும். இதைவிடப் பெரிதாக வாங்கினால், இடம்தான் இருக்கிறதே என்று வேண்டாததையும் திணிப்போம்.

கொள்ளளவைவிட நான் அதிகம் கவனிப்பது துணியின் ஓசையை. கடையிலேயே பையை நகத்தால் கீறிப் பாருங்கள். மொடமொடப்பான நைலான் எழுப்பும் 'சரக்' என்ற ஒலி, காற்றடங்கிய காலையில் மானை உஷார்ப்படுத்திவிடும். மெத்தென்ற மேற்பரப்புள்ள துணி அவ்வளவாகச் சத்தமிடாது. ஆனால் நீரை உறிஞ்சும், முள்விதைகளும் அப்பிக்கொள்ளும்.

மான் விழுந்தபிறகுதான் பையின் உண்மையான சோதனை தொடங்குகிறது. எலும்பு நீக்கிய இறைச்சியே 20 கிலோவைத் தாண்டக்கூடும் என்பதால், பாரத்தைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கும் அகலமான இடுப்புப் பட்டையும், பையைத் தாங்கும் சட்டகத்துக்கும் பைக்கும் இடையே இறைச்சியை முதுகோடு ஒட்டிக் கட்டும் வசதியும் இருக்க வேண்டும்.

கொலராடோவில் துப்பாக்கியால் வேட்டையாடும் பருவத்தில் இடுப்புக்கு மேல் குறைந்தது 500 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு ஆடை கட்டாயம். முதுகுப்பக்க ஆடையைப் பை மறைத்துவிடுவதால், அதன் மேல் அதே நிற உறையொன்றைப் போர்த்திவிடுங்கள்.