கணப்பில் எரிந்த சுருள்

கேள்வி: கடவுளின் அதிகாரத்தை நிராகரித்த அரசர்கள் அழிந்ததாகப் பைபிள் திரும்பத் திரும்பச் சொல்கிறதே, நாத்திக ஆட்சியாளர்கள் இதிலிருந்து கற்க வேண்டிய பாடம் என்ன?

பதில்: நாத்திக ஆட்சியாளர்களா? பைபிளில் வரும் அந்த அரசர்களில் ஒரு நாத்திகரைக் காட்டுங்கள், பார்ப்போம். கர்த்தர் யார் என்று கேட்ட எகிப்தின் அரசன் பார்வோனுக்குக் கும்பிட எத்தனையோ தெய்வங்கள் இருந்தன. எல்லாவற்றையும் அழிக்கச் சொன்ன கட்டளைக்குக் கீழ்ப்படியாத சவுல் ராஜா, பலியிடத்தான் ஆடுமாடுகளைத் தப்பவிட்டதாகச் சாக்குச் சொன்னான். ஆகாப் ராஜா நாபோத் என்பவனின் திராட்சைத் தோட்டத்துக்கு ஆசைப்பட்டபோது அவன் மனைவி யேசபேல் முதலில் செய்த காரியம், ஊரில் உபவாசம் கூறச் சொன்னது! அந்தச் சபையிலேயே, நாபோத் தேவனையும் ராஜாவையும் தூஷித்தான் என்று இரண்டு பொய்ச்சாட்சிகள் எழுந்தார்கள். அவனைக் கல்லெறிந்து கொன்றார்கள். தோட்டம் அரண்மனைக்குப் போனது. கடவுளின் அதிகாரத்தை மிதித்தவர்கள் கடவுள் பெயரைச் சொல்லிக்கொண்டேதான் மிதித்தார்கள்.

எனக்கு இவர்கள் எல்லாரையும்விட யூதாவின் ராஜா யோயாக்கீம்தான் முக்கியம். பிரசங்கிகள் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் புல் மேய்ந்ததை ஒரு மணி நேரம் சொல்வார்கள், எரேமியா 36ஆம் அதிகாரத்தைத் தொடவே மாட்டார்கள். அது குளிர்காலம். ராஜாவுக்கு முன் கணப்பு எரிகிறது. கர்த்தரின் எச்சரிக்கைகளைத் தீர்க்கதரிசி எரேமியா சொல்லச் சொல்ல அவருடைய எழுத்தர் பாருக் எழுதிய சுருளை, அரண்மனை ஊழியன் யெகுதி வாசிக்கிறான். மூன்று நான்கு பத்தி முடிந்ததும் ராஜா கத்தியால் அந்தப் பகுதியை அறுத்து நெருப்பில் போடுகிறான். சுருள் முழுவதும் தீரும்வரை இப்படியே நடக்கிறது. ஆத்திரத்தில் மொத்தமாகத் தூக்கி எறிந்திருந்தால்கூட மன்னித்துவிடலாம் போலிருக்கிறது. இவன் நிதானமாகக் கேட்டுக் கேட்டு எரித்தான். எல்நாத்தான், தெலாயா, கெமரியா மூவரும் வேண்டாம் என்று கெஞ்சினார்கள். மற்ற ஊழியக்காரர்கள் பேசாமல் நின்றார்கள். அந்த மௌனத்தை என்னால் பொறுக்கவே முடியவில்லை.

இவனுடைய அப்பா யோசியா இப்படித்தான் நியாயப்பிரமாண புத்தகத்தை வாசிக்கக் கேட்டபோது தன் உடையைக் கிழித்துக்கொண்டான். அன்று அதை வாசித்துக் காட்டியவர் சாப்பான். அவருடைய மகன்தான் இன்று கெஞ்சிய கெமரியா. 1982இல் எருசலேமில் தாவீதின் நகரம் எனப்படும் பகுதியைத் தோண்டியபோது, எரிந்த வீடொன்றில் ஐம்பதுக்கும் மேற்பட்ட களிமண் முத்திரைகள் கிடைத்தன. ஒன்றில் சாப்பானின் மகன் கெமரியாகு என்ற பெயர். அதே ஆள்தான் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். எருசலேமை அழித்தபோது பாபிலோனியர் வைத்த தீயில், அந்த முத்திரைகள் ஒட்டியிருந்த ஆவணங்கள் சாம்பலாயின, களிமண் மட்டும் சுடப்பட்டுக் கெட்டியாகிவிட்டது.

யோயாக்கீம் எந்த வகையில் கடவுளை நிராகரித்தான்? எரேமியா 22ஆம் அதிகாரம் குற்றப்பத்திரிகையையே வாசிக்கிறது. கேதுரு மரம் பதித்துச் சிவப்பு வர்ணம் பூசிய மாளிகை கட்டினான், வேலை செய்தவனுக்குக் கூலி கொடுக்கவில்லை. எகிப்துக்குக் கப்பம் கட்ட ஜனங்களிடம் வெள்ளியும் பொன்னும் தண்டினவனும் இவனே. யோசியாவோ எளியவனுடைய வழக்கை நியாயமாக விசாரித்தான். அதுவல்லவா என்னை அறிவது என்று கர்த்தரே கேட்கிறார். கூலி தராதவன் எத்தனை பலி செலுத்தினாலும் கடவுளை அறியாதவன்தான். இதைவிடத் தெளிவாக இன்னும் யார் சொல்ல வேண்டும்?

ஆட்சியாளரைப் பற்றி நான் ஒரு வரி எழுதினாலே ரோமர் 13ஆம் அதிகாரத்தைக் காட்டி, அதிகாரத்துக்குக் கீழ்ப்படி என்று கடிதம் போடும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. அதே பைபிளில்தான் மனுஷருக்குக் கீழ்ப்படிவதைவிடத் தேவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று யூதத் தலைவர்களின் ஆலோசனைச் சங்கத்தின் முகத்துக்கு நேரே பேதுரு சொன்னதும் இருக்கிறது. எரேமியாவும் ராஜா எரித்துவிட்டானே என்று ஓயவில்லை. ஒளிந்திருந்தபடியே பாருக்கிடம் இன்னொரு சுருளைக் கொடுத்து எல்லாவற்றையும் மறுபடி எழுதவைத்தார். முன்பு இல்லாத பல வார்த்தைகளையும் சேர்த்துக்கொண்டார்.