கேள்வி – பதில்: அயர்லாந்து இணைப்பும் கட்சிகளின் உறுதியும்

கேள்வி: அயர்லாந்துக் குடியரசின் பெரிய கட்சிகள் அனைத்தும் ஒன்றுபட்ட அயர்லாந்தே தங்கள் இலட்சியம் என்கின்றன. வடக்குப் பகுதி பிரிட்டனோடு நிற்க, தெற்கு தனி நாடாகப் பிரிந்து நூறாண்டுகள் கடந்த பின்னும் அது நடக்கவில்லையே, அவர்கள் சொல்வது வெறும் வாய்ப்பேச்சுதானா? (வாசகர், தக்கலை)

பதில்: முழுக்க வாய்ப்பேச்சு என்று தள்ளிவிட முடியாது, ஆனால் நெடுங்காலம் அது செலவில்லாத கொள்கையாக இருந்தது என்பதே உண்மை. 1926-இல் விடுதலைப் போராட்டத் தலைவர் டி வலேரா தொடங்கிய ஃபியன்னா ஃபாயில் தன்னைக் 'குடியரசுக் கட்சி' என்று அழைத்துக்கொள்கிறது. 1933-இல் உருவான ஃபினே கேல் 'ஐக்கிய அயர்லாந்துக் கட்சி' என்ற பெயரையும் சேர்த்தே சூட்டிக்கொண்டது. 1937-இல் டி வலேரா கொண்டுவந்த அரசியலமைப்பின் 2, 3 ஆம் பிரிவுகள் தீவு முழுவதையும் தேசத்தின் நிலப்பரப்பாக உரிமை கொண்டாடின. ஏட்டில் இருந்த இந்த உரிமையால் பிரிட்டனோடு இருந்த வடக்கின், அதாவது வட அயர்லாந்தின், ஆறு மாவட்டங்களில் எதுவும் மாறவில்லை.

சில வேளைகளில் விளைவு நேர்மாறாகவும் போயிற்று. ஃபினே கேல் தலைமையிலான கூட்டணி அரசு 1949-இல் நாட்டை முழுக் குடியரசாக்கிக் காமன்வெல்த்திலிருந்து வெளியேறியதும், வட அயர்லாந்து நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் அப்பகுதி பிரிட்டனிலிருந்து பிரியாது என்று இலண்டன் அதே ஆண்டில் சட்டமே இயற்றிவிட்டது. தெற்கின் கொள்கைப் பற்று வடக்கின் கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாளைப் போட்டுவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

இரு கட்சிகளும் இன்றுவரை வடக்கில் வேரூன்றவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஃபியன்னா ஃபாயில் 2019-இல் அங்குள்ள, இணைப்பை விரும்பும் மிதவாதக் கட்சியான எஸ்.டி.எல்.பி.யோடு ஒரு கூட்டுறவை அறிவித்தது. அது 2022-இல் முடிவுக்கு வந்தது. இணைப்பை இலட்சியம் என்று சொல்லும் கட்சி, இணைய வேண்டிய மக்களிடம் போய் வாக்குக் கேட்கத் தயங்குவது எனக்கு விந்தையாகவே படுகிறது.

கேள்வி: இணைப்புக்கான வாக்கெடுப்பை அறிவிக்கும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது? (வாசகர், குளச்சல்)

பதில்: டப்ளினுக்கு அல்ல, இலண்டனுக்கு. 1998 ஏப்ரல் 10 அன்று வட அயர்லாந்தின் நெடுங்கால வன்முறையை முடிக்கக் கையெழுத்தான பெரிய வெள்ளி உடன்பாட்டின்படி, வட அயர்லாந்தில் பெரும்பான்மையினர் இணைப்பை ஆதரிக்கக்கூடும் என்று தோன்றினால், அப்பகுதிக்குப் பொறுப்பான பிரிட்டிஷ் அமைச்சர் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். எதை வைத்து அவருக்கு அப்படித் தோன்ற வேண்டும் என்பதைச் சட்டம் வரையறுக்கவில்லை. ஒரு வாக்கெடுப்புக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது ஏழு ஆண்டுகள் இருக்க வேண்டும். தெற்கின் மக்களும் தனியே ஒப்புதல் தர வேண்டும். இந்த உடன்பாட்டுக்காகவே தெற்கில் வாக்களித்தோரில் 94 விழுக்காட்டினர் ஆதரவளித்துப் பழைய 2, 3 ஆம் பிரிவுகளை மாற்றினார்கள். 1973-இல் நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 99 விழுக்காடு பிரிட்டனுக்கு ஆதரவாக விழுந்ததை இன்று அளவுகோலாகக் கொள்ள முடியாது, ஏனெனில் இணைப்பை விரும்பும் தேசியவாதிகள் அதைப் புறக்கணித்திருந்தார்கள்.

கேள்வி: அப்படியானால் இணைப்பையே முதன்மையாகப் பேசும் சின் ஃபெயின் ஒன்றுதான் உறுதியான கட்சியா? (வாசகி, மார்த்தாண்டம்)

பதில்: உறுதியை அமைப்பைக் கொண்டு அளந்தால் ஆம். எல்லையின் இருபுறமும் வலுவாகப் போட்டியிடும் பெரிய கட்சி அது ஒன்றுதான். டப்ளின் நாடாளுமன்றத்தைப் புறக்கணிக்கும் கொள்கையை 1986-இல் கைவிட்ட அக்கட்சி, இலண்டன் நாடாளுமன்றத்தை இன்றும் புறக்கணிக்கிறது. 2022-இல் வட அயர்லாந்துப் பேரவையின் 90 இடங்களில் 27-ஐ வென்று முதல் கட்சியானது. 2024 பிப்ரவரியில் மிஷெல் ஓ'நீல் முதலமைச்சரானார். 2030-க்குள் வாக்கெடுப்பு வேண்டும் என்று அது கேட்கிறது. ஃபியன்னா ஃபாயில் தலைவர் மீஹால் மார்ட்டினோ, தேதிக்கு முன் நல்லிணக்கம் என்ற நிலையில் நிற்கிறார்; 2020-இல் அவர் தொடங்கிய 'பகிர்ந்த தீவு' திட்டம் எல்லை தாண்டிய சாலை, இரயில், ஆய்வுப் பணிகளுக்குப் பணம் ஒதுக்குகிறது. தேதி கேட்காமல் பணம் ஒதுக்குவதும் ஒருவகை உறுதிதான். ஆனால் கேட்க மனமில்லாததை மறைக்கும் திரையாகவும் அது பயன்படக்கூடும்.

ஆயினும் சின் ஃபெயின் 2020-இல் தெற்கில் அதிக வாக்குகளைப் பெற்றதற்குப் பெருங்காரணம் எல்லைக்கோடு அல்ல; வீட்டு வாடகையும் மருத்துவமனைக் காத்திருப்பும்தான்.

கேள்வி: நம் குமரி மாவட்டம் 1956-இல் தமிழகத்தோடு இணைந்ததை அயர்லாந்தோடு ஒப்பிடலாமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: ஓரளவுக்கு மட்டும். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் இணைப்புக்காகவே இயங்கிய கட்சி. மார்ஷல் நேசமணியின் தலைமையில் அது 1954 தேர்தலில் 12 இடங்களை வென்றது, அதே ஆண்டு ஆகஸ்டில் துப்பாக்கிச் சூட்டையும் சந்தித்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. ஆனால் இங்கே மாறியது ஒரே நாட்டுக்குள் இருந்த மாநில எல்லை. மாற்றியது நாடாளுமன்றச் சட்டம். களியக்காவிளையைக் கடப்பவர் நாடு மாறுவதில்லை.

அயர்லாந்திலோ, எல்லைச் சாலையில் சோதனைச் சாவடி இல்லாவிட்டாலும், வேகப் பலகை மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாறுமிடத்தில் நாணயமும் மருத்துவ முறையும் சேர்ந்தே மாறுகின்றன. வடக்கில் பொது மருத்துவரைப் பார்க்கக் கட்டணம் இல்லை. தெற்கில் மருத்துவ அட்டை போன்ற சலுகை இல்லாத பெரும்பாலோர் பணம் கட்டியே பார்க்க வேண்டும். 2021 கணக்கெடுப்பில் வடக்கில் கத்தோலிக்கப் பின்னணியினர் 45.7 விழுக்காடாக, 43.5 விழுக்காடான புராட்டஸ்டண்டுப் பின்னணியினரை முந்தினார்கள். கத்தோலிக்கர் பொதுவாக இணைப்பையும் புராட்டஸ்டண்டினர் பொதுவாக பிரிட்டனையும் ஆதரிப்பவர்கள் என்றாலும், அதைக் கொண்டு மட்டும் இணைப்புக்குக் கணக்குப் போடுவோர் தவறுகிறார்கள். இரு அணியிலும் சேராத அலையன்ஸ் கட்சி 2022-இல் 17 இடங்கள் வென்றதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அந்த வாக்காளரை அசைக்கப்போவது கொடியோ கீதமோ அல்ல. மருத்துவரைப் பார்க்க நாளை எவ்வளவு கட்டவேண்டி வரும் என்று அவர் கேட்பார். தெற்கின் கட்சிகளில் எது அதற்குத் தொகையோடு விடை எழுதித் தருகிறதோ, அதன் உறுதியையே நான் நம்புவேன்.