அப்பா பெயரை எடுத்துவிட்டார்கள்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக ஒரே பள்ளிதான். அப்பா அங்கே ஓட்டப் பந்தயத்தில் பெயர் வாங்கியவர், முன்னாள் மாணவர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவர் இறந்த பிறகு அவர் பெயரில் நாங்கள்தான் ஒரு சுழற்கோப்பை கொடுத்தோம். சங்கத்துக்குப் புதிதாக வந்த நிர்வாகிகள் அந்தப் பெயரை எடுத்துவிட்டு, இனி எல்லாக் கோப்பையும் சங்கத்தின் பெயரில்தான் என்று முடிவு செய்துவிட்டார்கள். எனக்கு ஒரு போன்கூட இல்லை, அழைப்பிதழைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அப்பா ஜெயித்துக் கொடுத்த பழைய கோப்பைகளையும் கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்து ஸ்டோர் ரூமில் போட்டுவிட்டார்கள். கேட்டால் இடமில்லையாம். விளையாட்டு விழாவில் என்னை மேடைக்குக் கூப்பிடவும் இல்லை, நேற்று வந்தவர்கள் எல்லாம் மேலே உட்கார்ந்திருக்க நான் கீழே பார்வையாளர் வரிசையில். என் மகனும் ஓடுகிறவன்தான், எட்டாவது படிக்கிறான், இப்போதெல்லாம் பயிற்சிக்குக் கிளம்பும்போது வயிற்று வலி என்கிறான், ஒருநாள் "நான் தோத்துட்டா தாத்தாவுக்கு அவமானமாப்பா?" என்று கேட்டான், சின்னப் பையன், அதை விடுங்கள். எனக்கு ராத்திரி தூக்கமே வருவதில்லை. ஒரு போன் செய்திருக்கலாம் இல்லையா? சங்கத்திலிருந்து விலகிவிடவா, வக்கீல் நோட்டீஸ் அனுப்பவா?

ஆலோசகரின் பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் விடச் சொன்னதைத்தான் என்னால் விட முடியவில்லை.

உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பெயரை எடுத்தது தவறு, அதில் நான் உங்கள் பக்கம். ஆனால் திரும்பத் திரும்ப நீங்கள் சொல்வது போன், மேடை, வரிசை. இவை உங்களுக்குக் கிடைக்காத மரியாதை. அந்த வருத்தம் நியாயமானதுதான், ஆனால் அதை அப்பாவின் கணக்கில் எழுதாதீர்கள். அவர் ஓடியது அவருக்குச் சொந்தம், ஒரு கோப்பையில் பெயர் இருப்பதாலோ இல்லாததாலோ அது கூடவும் குறையவும் செய்யாது.

உங்கள் மகனுக்கு இது எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று பாருங்கள். வீட்டில் நாளெல்லாம் தாத்தாவின் பெயர் போய்விட்டது என்ற பேச்சு. அவன் காலில் ஷூவை மாட்டும்போது ஓடப்போவது தான் மட்டுமில்லை, தாத்தாவின் மானமும் கூடவே ஓடுகிறது என்று நினைக்கிறான். வயிறு வலிக்காமல் என்ன செய்யும்? குழந்தைகளின் பயமும் பதற்றமும் பல நேரம் வயிற்று வலியாகத்தான் வெளியே வரும், அது நடிப்பு அல்ல. ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள், உடம்பில் ஒன்றுமில்லை என்று அவர் சொன்னாலும் அவனுக்கு வலிப்பது நிஜம்.

ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1966இல் கல்லூரி மாணவர்களை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார். நான் யார், எனக்கு எது வேண்டும் என்று தானே தேடிப் பார்க்காமல் பெற்றோர் விரும்பியதை அப்படியே ஏற்றுக்கொண்டவர்கள், எட்டாத உயரத்தில் இலக்கை வைத்துக்கொண்டதை அதில் பார்த்தார். உங்கள் பையன் இன்னும் அந்த வயதுக்கு வரவில்லை, அதோடு அவன் வாயை மூடி ஏற்றுக்கொள்ளவும் இல்லை, உங்களிடமே வந்து கேட்டிருக்கிறான். கேட்கிற பிள்ளையை "சின்னப் பையன்" என்று தள்ளிவிட்டால் அடுத்த தடவை கேட்க மாட்டான்.

இன்றைக்கே அவன் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். தோற்றாலும் அவமானம் இல்லை, ஓட்டமே பிடிக்கவில்லை என்றாலும் பரவாயில்லை என்று. இரண்டாவது பாதியைச் சொல்லும்போது உங்களுக்குத் தொண்டை அடைக்கும், பரவாயில்லை, சொல்லுங்கள். சொன்ன பிறகு அவன் பயிற்சிக்குப் போகிறானா இல்லையா என்று கண்காணிக்காதீர்கள்.

ஸ்டோர் ரூமில் கிடக்கும் கோப்பைகளை வீட்டுக்குத் தரச் சொல்லி சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம். நோட்டீஸ் வேண்டாம். அந்தப் பள்ளியில் தினமும் போய் உட்கார வேண்டியவன் உங்கள் மகன்தான்.