வேக சார்ஜிங்: 80 சதவீதத்துக்கு மேல் ஏன் ஊர்கிறது?

கேள்வி: போன் பேட்டரி 5000 எம்ஏஎச், சார்ஜர் 100 வாட். கணக்குப்படி 12 நிமிடம் போதும். ஆனால் 35 நிமிடம் ஆகிறதே?

பதில்: கணக்கில் தப்பில்லை. 5000 எம்ஏஎச்சை 3.85 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 19 வாட்-அவர்; 100 வாட் விடாமல் பாய்ந்தால் 12 நிமிடத்தில் நிரம்பிவிடும். ஆனால் 100 வாட் என்பது உச்ச அளவு; அது ஆரம்பத்தில் சிறிது நேரம்தான் கிடைக்கும். செல் தன் வோல்டேஜ் வரம்பைத் தொட்டதும், போன் வோல்டேஜை அங்கேயே நிறுத்திவிட்டு கரண்ட்டைப் படிப்படியாகக் குறைக்கும். கடைசி 20 சதவீதம் இழுப்பது அதனால்தான். போன் சூடானாலும் கரண்ட் குறையும். கனமான உறையைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

கேள்வி: குறைக்காமல் முழு கரண்ட்டையும் தள்ளினால்?

பதில்: அங்கேதான் ஆபத்து. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஆனோடில் (பேட்டரியின் எதிர்முனையில்) உள்ள கிராஃபைட் அடுக்குகளுக்குள் புகுந்து அமர வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். நிரம்பிவரும் கிராஃபைட்டின் மின்னழுத்தம் லித்தியம் உலோகத்தைவிட ஏறத்தாழ 0.1 வோல்ட்தான் அதிகம். கரண்ட்டைக் கூட்டினால் அந்தச் சிறு இடைவெளியும் போய்விடும். உள்ளே புக முடியாத அயனிகள் கிராஃபைட்டின் மேலேயே உலோகமாகப் படியும். படிந்ததில் ஒரு பகுதி திரும்பக் கரையாது. அந்த அளவுக்குக் கொள்ளளவு நிரந்தரமாகப் போயிற்று. படிவு ஊசிபோல் வளர்ந்து, இரு மின்முனைகளையும் பிரித்துவைக்கும் மெல்லிய படலமான செப்பரேட்டரைத் துளைத்தால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும். குளிரில் அயனிகள் இன்னும் மெதுவாக நகரும் என்பதால், 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வேக சார்ஜ் கூடவே கூடாது. மின்சார கார்கள் முதலில் பேட்டரியைச் சூடாக்கிக்கொள்வது இதற்காகத்தான்.

கேள்வி: கேபிளை மாற்றியதும் வேகம் பாதியானது. சார்ஜர் போய்விட்டதா?

பதில்: சார்ஜரைச் சந்தேகிக்கும் முன் கேபிளைப் பாருங்கள். இருபுறமும் டைப்-சி உள்ள சாதாரண கேபிளுக்கு 3 ஆம்பியர்தான் வரம்பு. 20 வோல்ட்டில் 60 வாட். 5 ஆம்பியர் வேண்டுமானால் கேபிளுக்குள் அதன் தாங்கும் திறனைச் சார்ஜருக்குச் சொல்லும் இ-மார்க்கர் சிப் இருக்க வேண்டும்.

கேள்வி: 350 கிலோவாட் நிலையத்தில் என் கார் 130 மட்டுமே எடுக்கிறது.

பதில்: எவ்வளவு எடுப்பது என்பதைக் காரே முடிவு செய்கிறது. 400 வோல்ட் பேட்டரியில் 500 ஆம்பியர் பாய்ந்தாலும் 200 கிலோவாட்தான் வரும். 800 வோல்ட்டில் அதே திறனுக்குப் பாதி கரண்ட் போதும். கரண்ட் பாதியானால் அதே கம்பியில் வெப்பம் நான்கில் ஒரு பங்காகும். பயணத்தில் 10 சதவீதத்தில் செருகி 80-இல் கிளம்பிவிடுங்கள். மீதி 20-க்குக் காத்திருப்பதைவிட அடுத்த நிலையத்தில் நிறுத்துவது லாபம்.

கேள்வி: உலோகம் படியாத பேட்டரியே கிடையாதா?

பதில்: லித்தியம் டைட்டனேட் ஆனோடு அநேகமாக அப்படித்தான். அதன் மின்னழுத்தம் லித்தியத்தைவிட சுமார் 1.55 வோல்ட் மேலே இருப்பதால் படிவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் அதே காரணத்தால் செல்லின் வோல்டேஜ் சுமார் 2.4-ஆக இறங்கிவிடும், ஒரே எடைக்குக் கிடைக்கும் ஆற்றலும் குறையும். வழியில் அடிக்கடி நின்று சார்ஜ் ஏற்றும் பேருந்துக்கு அது பொருந்தும், போனுக்குப் பொருந்தாது.