தாவீதும் பதினான்கும்

கேள்வி: மத்தேயு தம் சுவிசேஷத்தின் தொடக்கத்தில் இயேசுவின் வம்சவரலாற்றை ஏன் பதினான்கு பதினான்காகப் பிரித்தார்? எண்ணினால் கடைசியில் ஒரு பெயர் குறைகிறதே!
- வாசகி, தாராவி, மும்பை

பதில்: எபிரெயத்தில் எழுத்தே எண். தாவீது என்பதற்கு மூன்றே எழுத்து: தாலேத் 4, வாவ் 6, மறுபடி தாலேத் 4. கூட்டினால் 14. ‘தாவீதின் குமாரன்’ என்று தொடங்கியவர் அந்தப் பெயரையே பட்டியலின் அளவுகோலாக்கினார் என்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

அதற்காகச் சிலரை விட்டிருக்கிறார். ‘யோராம் உசியாவைப் பெற்றான்’ என்ற இடத்தில் அகசியா, யோவாஸ், அமத்சியா மூவரும் இல்லை. பழைய ஏற்பாட்டின் 1 நாளாகமம் 3-ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிழையல்ல, எபிரெய வழக்கில் ‘பெற்றான்’ பேரன், கொள்ளுப்பேரனுக்கும் செல்லும்.

கடைசிப் பகுதியைச் சலாத்தியேலில் தொடங்கினால் 13தான் வரும். முந்தைய பகுதியின் கடைசிப் பெயரான எகொனியாவை மறுபடி சேர்த்து எண்ணுங்கள், 14 வரும்.