மட்டக்களப்பில் வீட்டுக்கு ஏ.சி. பூட்ட நம்பிக்கையான ஆளை எப்படிப் பிடிப்பது?

கேட்டவர் கல்லடிப் பக்கம் புதிதாக வீடு கட்டியிருக்கிறார். இரண்டு அறைக்கு ஏ.சி. பூட்ட வேண்டும், ஆளாளுக்கு ஒரு விலை சொல்கிறார்கள், யாரை நம்புவது என்பது கேள்வி. நானும் கல்லடிதான். இந்த விடயத்தில் காசைக் கரைத்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

ஒரு கச்சான் காலம், எங்கள் பக்கம் வெக்கையான காற்று அடிக்கும் மாதங்கள். இரவு பத்து மணிக்கும் சுவர் சுட்டது, அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. அவசரப்பட்டு ஒரு கடையில் ஏ.சி. வாங்கினோம். கடையிலிருந்து வந்த இரண்டு பையன்கள் ஒன்றரை மணித்தியாலத்தில் பூட்டிவிட்டுப் போனார்கள். கெட்டிக்காரப் பையன்கள் என்று தேத்தண்ணியும் கொடுத்து, கையில் காசும் வைத்தேன். ஐந்தாம் மாதம் குளிர் குறைந்தது. வேறு ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் காஸின் அமுக்கம் பார்க்கும் மீற்றரைக் கொழுவிப் பார்த்து, "காஸ் முடிஞ்சிட்டு அண்ணன், அடிக்கணும்" என்றார். அடித்தார், காசை வாங்கினார், போனார். நாலு மாதத்தில் மறுபடி அதே கதை, அதே வசனம். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாம் முறைதான் கூட வேலை செய்யும் நண்பர் காத்தான்குடியில் இருந்து ஒரு நானாவை (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) அனுப்பினார். அவர் மீற்றரைத் தொடவே இல்லை. "ஒரு கோப்பையில சவுக்காரத் தண்ணி தாங்க தம்பி" என்றார். பழைய பெயின்ட் பிரஷ் ஒன்றால் அந்த நுரையை வெளி யூனிட்டில் குழாய் சேரும் நட்டில் பூசிவிட்டுச் சும்மா குந்தியிருந்தார். ஒரு நிமிடம் போயிருக்கும். கடுகளவு குமிழ் ஒன்று வந்து உடைந்தது, பிறகு இன்னொன்று. "காஸ் பெற்றோல் மாதிரி எரிஞ்சு முடியிற சாமான் இல்ல தம்பி. உள்ளுக்கையே சுத்துறது. குறைஞ்சா எங்கயோ ஓட்டை இரிக்கி." நட்டைக் கழற்றி, விரித்திருந்த செப்புக் குழாயின் வாயைக் காட்டினார். ஒரு பக்கம் சாய்ந்து, விளிம்பில் மயிரளவு வெடிப்பு. அந்த நுனியை வெட்டிப் புதிதாக விரித்துப் பூட்டி, காஸும் நிரப்பினார். அதற்குப் பிறகு இன்றைக்கு வரை காஸ் அடிக்கவில்லை.

ஆகவே பழுது பார்க்க வருகிறவரை எடைபோட எனக்குத் தெரிந்த முதல் வழி இதுதான்: ஓட்டையைத் தேடாமல் காஸ் அடிக்க வருகிறவருக்கு வாசலைக் காட்டுங்கள்.

நீங்கள் கேட்பது புதிதாகப் பூட்டுவதைப் பற்றி. அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "வக்கூம் பம்ப் கொண்டு வருவீங்களா?" குழாயைப் பொருத்தியதும் அதற்குள் வெளிக்காற்றும் ஈரமும் இருக்கும். வாவியும் கடலும் சூழ்ந்த எங்கள் ஊரில் ஈரத்துக்கு என்ன குறை! அதை உறிஞ்சி எடுக்காமல் காஸைத் திறந்துவிட்டால், ஈரம் உள்ளே இருக்கும் ஒயிலோடு சேர்ந்து அமிலமாகி காஸை அமுக்கிச் சுற்றவிடும் கொம்பிரசரை மெல்ல மெல்ல அரிக்கும். பம்ப் ஓடும்போது அமுக்கம் குறையக் குறைய, தண்ணீர் சாதாரண வெக்கையிலேயே ஆவியாகி வெளியே வந்துவிடும். அதற்கு இருபது நிமிடமாவது ஓட வேண்டும். அப்புறம் பம்பை நிறுத்திப் பத்து நிமிடம் மீற்றர் முள்ளைப் பார்க்க வேண்டும். முள் அசையாவிட்டால் பெரிய ஒழுக்கு இல்லை. பம்ப் இல்லாதவர்கள் நட்டைக் கொஞ்சம் இளக்கி, உள்ளே இருக்கும் காஸாலேயே 'ஸ்ஸ்' என்று காற்றைத் தள்ளிவிட்டு முடித்துவிடுவார்கள். என் வீட்டில் ஒன்றரை மணித்தியாலத்தில் வேலை முடிந்ததன் இரகசியம் அதுதான். "புது மெஷினுக்கு அதெல்லாம் தேவையில்ல" என்று ஒருவர் சொன்னால் அடுத்த ஆளைப் பாருங்கள்.

விலையைத் தொலைபேசியிலேயே சொல்கிறவரையும் நான் நம்புவதில்லை. நானா பிறகு எங்கள் மற்ற அறைக்குப் பூட்ட வந்தபோது, வெயில் ஏறிய நேரம் பார்த்து வந்தார். மேற்குச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். மேலே சிலாப்பா சீட்டா, சீலிங் அடித்திருக்கா, யன்னல் எத்தனை, எத்தனை பேர் படுப்பது என்று கேட்டார். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, நிழலான பக்கம் என்றால் 9000 பீ.டி.யூ. (குளிராக்கும் வலுவின் அளவு) போதும். மேற்கு வெயிலும் மேலே சீட்டும் என்றால் 12000. கடைக்காரர் என் தலையில் 18000 ஒன்றைக் கட்டப் பார்த்தார். பெரிதாகப் போட்டால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அது அறையைச் சட்டென்று குளிராக்கிவிட்டு நின்றுவிடும், காற்றின் ஈரத்தை இழுக்க நேரம் கிடைக்காது. குளிரும் இருக்கும், பிசுபிசுப்பும் இருக்கும். கரண்ட் பில்லையும் யோசியுங்கள். 12000 மெஷின் முழுமூச்சில் ஓடினால் மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் கரண்ட். ஓட்டத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் இன்வேட்டர் மெஷின் என்றால் அறை குளிர்ந்த பிறகு நன்றாகக் குறையும். மாதம் 180 யூனிட்டைத் தாண்டினால் கரண்ட் கட்டணத்தின் மிகக் கூடிய படிக்குப் போய்விடுவீர்கள்.

கடற்கரை வீட்டுக்குத் தனியாக ஒன்று. வெளி யூனிட்டை எங்கே வைப்பது என்று அவராகவே கேட்கிறாரா என்று பாருங்கள். உப்புக் காற்று நேரே அடிக்கும் சுவரில் வைத்தால் அலுமினியத் தகடுகள் சில வருடத்தில் உப்புப் பொரிந்து தூளாகக் கொட்டும். கடலுக்கு மறைவான பக்கம், அரிப்பைத் தாங்கும் நீலப் பூச்சுள்ள கொயில், மாதத்துக்கு ஒருதரம் நல்ல தண்ணீரால் கழுவுவது, இவை மூன்றும் சேர்ந்தால் ஆயுள் கூடும். பிராக்கெட்டும் நட்டும் துருப்பிடிக்காததாக இருக்கட்டும், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். நிலத்தில் வைப்பதையும் யோசித்துச் செய்யுங்கள். 2011 ஜனவரி வெள்ளத்தில் எங்கள் ஒழுங்கையில் தண்ணீர் முழங்காலுக்கு நின்றது.

கரண்ட் வேலை: ஏ.சி.க்கு மெயின் போர்ட்டில் இருந்து தனி வயர், தனி பிரேக்கர், சரியான எர்த். பக்கத்து அறைப் பிளக்கில் இருந்து இழுத்துவிடலாம் என்பவரோடு பேச்சை வளர்க்காதீர்கள். அம்பாறைப் பக்கம் உட்புற ஊர்களில் வோல்டேஜ் ஏறி இறங்கும் இடமென்றால் ஸ்டெபிலைசரும் கேளுங்கள். பல்லி புகுந்து ஏ.சி.க்குள் இருக்கும் மின்னணுப் போர்ட் எரிவதும் எங்கள் பக்கம் சாதாரணம். வயர் போகும் ஓட்டையை அடைக்கச் சொல்லுங்கள்.

தகுதி என்று பார்த்தால், குளிரூட்டல் தொழிலில் என்.வி.கியூ. (தேசியத் தொழிற்தகைமை) சான்றிதழ் இருக்கா என்று கேட்கலாம், கேட்பதில் வெட்கமில்லை. "கத்தார்ல பத்து வருசம்" என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். அங்கே பெரிய கட்டடம் முழுவதையும் குளிராக்கும் 'சில்லர்' மெஷினில் வேலை செய்தவருக்கு வீட்டுச் சுவரில் தண்ணீர்க் குழாய்க்குச் சரிவு வைக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. சரிவு பிழைத்தால் மூன்றாம் நாள் தண்ணீர் கட்டிலில் சொட்டும். அவர் பூட்டி இரண்டு வருடமான வீடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். போன கிழமை பூட்டிய வீடு எதையும் சொல்லாது.

காகித விடயம் சுருக்கமாக. "பத்து வருட வரண்டி" என்று பெரிதாக எழுதியிருப்பது பெரும்பாலும் கொம்பிரசருக்கு மட்டும். போர்ட்டுக்கு, காஸுக்கு, பூட்டிய கூலிக்கு எத்தனை மாதம் என்று தனித்தனியே கேளுங்கள். வெளி ஆள் பூட்டினால் வரண்டி செல்லுமா என்பதையும் வாங்கும் முன்பே கேளுங்கள். பில்லில் உள் யூனிட், வெளி யூனிட் இரண்டின் சீரியல் இலக்கமும் இருக்க வேண்டும். கூலியில் ஒரு பகுதியை ஒரு கிழமை ஓடிய பிறகு தருவதாக முதலே பேசிக்கொள்ளுங்கள். வேலை தெரிந்தவர் முகம் சுளிக்க மாட்டார். கடை ஏமாற்றினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்துக்குக் கோல் எடுத்துச் சொல்லலாம்.

நானாவின் இலக்கத்தை இங்கே போட அவரிடம் நான் கேட்கவில்லை, அதனால் போடவில்லை. ஒன்று மட்டும்: மாரி முடிந்ததும், மாசிக்குள் பூட்டிவிடப் பாருங்கள். கச்சான் தொடங்கிய பிறகு கோல் எடுத்தால் எனக்கே, "ரெண்டு கிழமை போகட்டும் தம்பி" என்றுதான் சொல்கிறார்.